இருபத்தெட்டு அங்குலம்

வெள்ளாயணி,
4.7.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செண்பகவல்லி எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, மற்றபடி சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா? போனில் பேசினால் காது கேட்காமல் "ஆங், ஆங்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

ஒரு காரியம் ஆக வேண்டும். இடது காலை எடுத்து ஏழு மாதம் ஆகிறது. புண் முழுதாக ஆறிவிட்டது. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. சக்கர நாற்காலியில் முன்வாசல், ஹால், படுக்கையறை, பின் வராந்தா எல்லா இடமும் போய்வருகிறேன். போக முடியாத இடம் அடுக்களை ஒன்றுதான். அதன் வாசல் இரண்டடி அகலம், உள்ளே ஒரு படி இறக்கம். மாடம்மாள் வந்து சமைத்துவைக்கிறாள். நல்லவள். ஆனால் தீயலுக்குத் தேங்காயை வறுக்கும்போது பாதியில் இறக்கிவிடுகிறாள். ஹாலில் இருந்தபடியே எனக்கு வாசனையில் தெரிகிறது. "இன்னும் சிவக்கணும் மாடம்மா" என்று கத்துகிறேன். "சரிக்கா" என்கிறாள். மறுநாளும் அப்படியேதான்.

ஏழு மாதமாக நான் ஒரு அடுப்பைப் பற்றவைக்கவில்லை அண்ணா. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் காயல் கரையில் ஒரு அடுக்களை கட்டப்போகிறேன். தனியாக, திறந்த வெளியில், உட்கார்ந்து சமைக்கிற உயரத்தில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து விலகியபோது வந்த பணத்தில் அறுபத்தையாயிரம் இதற்கென்று எடுத்துவைத்திருக்கிறேன். என் பணம். மகன் பிரஜின் துபாயிலிருந்து அனுப்புவதைத் தொடவில்லை.

நீங்கள் பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருஷம் ஓவர்சியராக எஸ்டிமேட் போட்டவர். எனக்கும் ஒன்று போட்டு அனுப்புங்கள். கட்டலாமா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பிள்ளை சற்குணத்துக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

உங்கள்,
செண்பகவல்லி


கோயம்புத்தூர்,
20.7.2001

அன்புத் தங்கை செண்பகவல்லிக்கு,

அண்ணன் பகவதிப்பெருமாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. புண் ஆறியதில் பெரிய நிம்மதி. இங்கே நான், சற்குணம், மருமகள் எல்லோரும் நலம். சாப்பாட்டுக்கு ஒரு குறைவும் இல்லை.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உள்ளே இருக்கிற அடுக்களை வாசலை இடித்து அகலப்படுத்தினால் போதாதா? காயல் ஓரம் மணல் பூமி. ஐப்பசித் துலாமழையில் தண்ணீர் ஏறும். ஒற்றையாக இருக்கிற பெண்பிள்ளை, நாற்காலியில் இருந்துகொண்டு தீயோடு விளையாட வேண்டுமா? சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. சற்குணம் வீட்டில் கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. நீ இங்கே வந்துவிடலாம். நேரத்துக்கு எல்லாம் வந்துவிடும். உனக்கு ஒரு வேலையும் இருக்காது.

எஸ்டிமேட் வேண்டுமானால் அளவு வேண்டும். நீள அகலம், மேடை உயரம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் எழுது.

வலது பாதத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பகவதிப்பெருமாள்


வெள்ளாயணி,
29.7.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறது. நீங்களும் மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள்.

அளவுகள் இதோ. மாடம்மாள் நாடாவைப் பிடித்தாள், நான் நாற்காலியில் இருந்தபடி படித்தேன். என் முட்டு தரையிலிருந்து இருபத்து நாலு அங்குலம். கைப்பிடி இருபத்தேழு. எனவே மேடை இருபத்தெட்டு அங்குலம், அடியில் சுவர் இல்லாமல் வெற்றிடம், நாற்காலி உள்ளே போக. கை நீட்டினால் இருபது அங்குலம் எட்டுகிறது. மேடையின் ஆழம் அதற்கு மேல் வேண்டாம். நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி. மொத்தம் பன்னிரண்டுக்குப் பத்து. வீட்டுப் பக்கமும் இரு பக்கமும் அரைச்சுவர், காயல் பக்கம் திறப்பு, மேலே ஓடு. கிணறு பதினெட்டடி.

மேஸ்திரி செல்வமணியிடம் பேசிவிட்டேன். வள்ளியூர்க்காரர், இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். மேடை உயரத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "அக்கா, ரெண்டே கால் அடியில அடுக்களை மேடையா? நாளைக்கி வாற மேஸ்திரி எவனாவது பாத்தா, செல்வமணிக்கு மட்டம் பிடிக்கத் தெரியலன்னு சொல்லுவான்."

"நாளைக்கு வாறவனை நாற்காலியில உக்காந்து பாக்கச் சொல்லும்" என்றேன். அவர் என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு நாடாவை வாங்கி அவரே ஒரு தடவை அளந்துகொண்டார்.

உள் அடுக்களையை இடித்தால் என்ன என்று கேட்டீர்கள். இடிக்கலாம். அங்கே ஜன்னல் விளிம்பு நாலடி. நின்றபோது அதன் வழியே காயல் தெரியும், தாமரை பறிக்கிற தோணிகள் தெரியும். உட்கார்ந்தால் சுவர் மட்டும்தான். மிச்ச காலத்துக்குச் சுவரைப் பார்த்துச் சமைக்க நான் தயாரில்லை.

கோயம்புத்தூருக்கு அழைத்ததற்கு நன்றி. ஒரு வேலையும் இல்லாத இடம் எனக்கு வேண்டாம்.

எஸ்டிமேட்டைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள்,
செண்பகவல்லி


கோயம்புத்தூர்,
2.9.2001

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசிகள். பதில் எழுதத் தாமதம். கண் பரிசோதனை, அது இது என்று நாள் ஓடிவிட்டது. உனக்குச் சர்க்கரை எவ்வளவு காட்டுகிறது? இங்கே யாவரும் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

எஸ்டிமேட் இணைத்திருக்கிறேன். சுருக்கம் இது: காயல் மண்ணானதால் ஆழத் தோண்டிக் கான்கிரீட் தூண், நாற்பத்தெட்டாயிரம். மேலே கான்கிரீட் தளம், முப்பத்தேழாயிரம். சுவரும் பூச்சும் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. மேடை, கல், தொட்டி இருபத்தோராயிரம். குழாயும் மின்சாரமும் பத்து. எதிர்பாராத செலவு எட்டு. ஆக ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

உன் கையில் இருப்பது இதில் பாதிகூட இல்லை. குறைத்துக் கட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. அனுபவத்தில் சொல்கிறேன், இந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. பணத்தை வங்கியிலேயே இருக்க விடு.

மனம் தளராதே.

பகவதிப்பெருமாள்


வெள்ளாயணி,
15.9.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

சர்க்கரை நூற்று நாற்பது. மனம் தளரவில்லை. உங்கள் கண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே.

உங்கள் எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். டிரைவரும் மாடம்மாளும் நாற்காலியை இறக்கி ஏற்றினார்கள். ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். சிமெண்டுக்கு மூட்டை இருநூற்றுப் பத்து என்று போட்டிருக்கிறீர்கள். மூன்று கடையில் கேட்டேன், நூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் யாரும் சொல்லவில்லை. ஓடு வேண்டும் என்று எழுதினேன், நீங்கள் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறீர்கள். நாலு தூணும் ஓட்டுக்கூரையும் உள்ள அடுக்களைக்கு ஆழக் கான்கிரீட் எதற்கு என்று செல்வமணி கேட்கிறார். "அக்கா, இதுல ரெண்டு மாடி ஏத்தலாம்" என்றார். அரைச்சுவர் கேட்டேன், முழுச்சுவருக்கும் இருபுறப் பூச்சுக்கும் கணக்கு வந்திருக்கிறது.

அண்ணா, நான் சின்னவளாக இருந்தபோது நீங்கள் மேஜையில் உட்கார்ந்து எஸ்டிமேட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கால் ரூபாய் பிசகினால் முழுத் தாளையும் மறுபடி எழுதுவீர்கள். உங்களுக்குக் கணக்குத் தப்பாது. பிறகு எப்படி இத்தனை இடத்தில், எல்லாமே ஒரே பக்கமாக, கூடுதலாகவே தப்பியிருக்கிறது?

எனக்குக் காரணம் தெரிய வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வேலையைத் தொடங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செண்பகவல்லி


வெள்ளாயணி,
21.10.2001

அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

போன புதன்கிழமை பிரஜின் துபாயிலிருந்து போன் பண்ணினான். முதலில் மருந்து, பிறகு மழை, பிறகு விஷயம். காயல் ஓரத்தில் வரிசையாக நிலம் வாங்குகிற ஒரு ரிசார்ட் கம்பெனி நம் பதினான்கு சென்டுக்கும் நல்ல விலை தருகிறதாம். எனக்கு நகரத்துக்குள் பட்டம் என்ற பகுதியில் லிப்ட் உள்ள ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறானாம்.

"அடுக்களை கட்டுற வீட்டை யாராவது விப்பாங்களா?" என்றேன்.

"அம்மா, அது நடக்காது. ஒன்றரை லட்சம் ஆகும்னு மாமா சொல்லியாச்சல்லோ. உன்கிட்ட அவ்வளவு ரூபா எங்கே இருக்கு?"

நான் அந்தத் தொகையை அவனிடம் சொல்லவில்லை. செல்வமணியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. "உனக்கு யாருடா சொன்னா?" என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

எனவே காரணத்தை நீங்கள் இனி எழுத வேண்டியதில்லை.

வீடும் நிலமும் என் பெயரில் உங்கள் மைத்துனர் எழுதிவைத்துவிட்டுப் போனவை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு சென்டும் போகாது. கால் போனபோது இந்தக் கையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டீர்களோ என்னவோ.

அஸ்திவாரத்துக்குக் கரையோரம் குழி தோண்டினோம். மூன்றாம் நாள் துலாமழை கொட்டி, காயல் ஏறி, குழி முழுக்கத் தண்ணீர். நீங்கள் முதலிலேயே சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. செல்வமணி குழியைப் பார்த்துவிட்டு, "வடிஞ்சதும் பாப்போம்க்கா, நீங்க வெசனப்படாதிய" என்றார். நான் வருத்தப்படவில்லை. கோபமாக இருக்கிறேன்.

செண்பகவல்லி


கோயம்புத்தூர்,
4.11.2001

என் தங்கை செண்பகவல்லிக்கு,

ஆசீர்வாதம் என்று எழுத எனக்கு இன்று தகுதி இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பிரஜின் எனக்குக் கடிதம் எழுதினான். "நேராகத் தடுத்தால் அம்மா பிடிவாதம் பிடிப்பாள், தொகையைப் பார்த்து அவளாகவே விட வேண்டும், நீங்கள் சொன்னால் நம்புவாள்" என்று எழுதியிருந்தான். அதற்கு முன்பே நான் உனக்குச் சரியான கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அதை இழுப்பறையில் வைத்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து இரண்டாவதை எழுதினேன்.

அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் பயந்துவிட்டேன் அம்மா. நீ அங்கே தனியாக, சேலையில் தீப்பிடித்து, நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. சர்வீசில் எத்தனையோ ஒப்பந்தக்காரர்கள் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்டார்கள். ஒருத்தருக்கும் செய்யவில்லை. கூடப் பிறந்தவளுக்குச் செய்தேன்.

இப்போது நான் எழுதுவதைச் செல்வமணியிடம் காட்டு. கரையோரம் வேண்டாம். அடுக்களையைப் பின் வராந்தாவுக்கு எட்டடி தூரத்துக்கு இழுத்துக்கொள். தரையை வராந்தா மட்டத்துக்கே இரண்டடி உயர்த்திவிடு. கருங்கல் கட்டி உள்ளே செம்மண் நிரப்பி இடித்தால் போதும். வராந்தாவிலிருந்து நாலடி அகலத்தில் ஒரு கல்பாதை. அப்படியானால் உனக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாற்காலி நேராகப் போகும். எந்தத் துலாமழையும் அங்கே ஏறாது. காயல் இருபதடி தள்ளிப்போகும், ஆனால் இரண்டடி உயரத்திலிருந்து பார்ப்பதால் தண்ணீர் இன்னும் நன்றாகத் தெரியும். இதை நான் வரைந்து பார்த்தேன்.

அடுப்புக்கு இருபுறமும் ஒன்றரை அடி காலியாக விடு. சிலிண்டரை அரைச்சுவருக்கு வெளியே வை. வால்வு உன் கை எட்டும் இடத்தில் வரட்டும். ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

மொத்தம் அறுபத்தோராயிரத்து எண்ணூறு. விவரம் தனித்தாளில். இதில் ஒரு ரூபாய்கூடப் பொய் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை.

பகவதிப்பெருமாள்


வெள்ளாயணி,
17.11.2001

அண்ணனுக்கு,

எனக்குச் சுகம். கோபம் தீரவில்லை. ஆனால் உங்கள் வரைபடம் நன்றாக இருக்கிறது.

செல்வமணி அதைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "இது தெரிஞ்ச மனுசன் போட்டது" என்றார். முதலாவது எஸ்டிமேட்டும் அதே மனுஷன் போட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். பழைய குழியை மூடிவிட்டு வராந்தாப் பக்கம் புதிதாகத் தோண்டுகிறார்கள்.

பயந்தேன் என்கிறீர்கள். எனக்கும் பயம் உண்டு. ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்று நான் பயந்தேன். அப்போது என்னிடம் யாரும் கணக்கைக் கூட்டிச் சொல்லவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அதையே தாங்கியவளிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தீர்கள்? என் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பயத்தைத் தயவுசெய்து என் தலையில் கட்டாதீர்கள்.

இனி ஒரு கேள்வி. இந்த வருஷம் நீங்கள் எழுதிய மூன்று கடிதத்திலும் "சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்று இருக்கிறது. என்ன சாப்பிட்டேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. நாகர்கோவிலில் இருந்தபோது நீங்கள் எழுதுகிற கடிதத்தில் பாதி புளிக்குழம்பும் அவியலுமாக இருக்கும். மதினி சிவகாமி உங்களைக் கேலி பண்ணுவாள். அவள் போய், வீட்டை விற்று, கோயம்புத்தூருக்குப் போன பிறகு அது நின்றுவிட்டது.

அங்கே உண்மையில் எப்படி இருக்கிறீர்கள்? இதற்கும் கூட்டிக் குறைக்காமல் பதில் எழுதுங்கள்.

செண்பகவல்லி


கோயம்புத்தூர்,
6.1.2002

அன்புத் தங்கைக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக விடியட்டும். உன் கேள்விக்குப் பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சற்குணமும் மருமகளும் நல்ல பிள்ளைகள். முதலில் இதை நீ நம்ப வேண்டும். இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் திரும்ப ஏழாகும். என் சாப்பாட்டை ஹாட்பாக்சில் வைத்து, மேலே ஒரு தட்டு கவிழ்த்து, ஸ்பூனும் வைத்துவிட்டுப் போவார்கள். பிளாஸ்க்கில் காபி. எதிலும் குறைவில்லை என்று நான் எழுதியது பொய்யில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் பால் வைத்துவிட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பொங்கி அடுப்பு அணைந்த சத்தம் என் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்ததும் கேட்கவில்லை. கேஸ் வாடை வீடு முழுக்க. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் வேலைக்குப் போகும்போது அடுக்களைக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். சாவி மருமகள் கைப்பையில். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா, உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். நானும் சரி என்று சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நீயாக இருந்தால் பூட்டை உடைத்திருப்பாய்.

இரண்டு வருஷமாக எனக்கு வேண்டிய நேரத்தில் ஒரு டம்ளர் காபி நான் போட்டுக் குடித்ததில்லை. மழை பெய்தாலும் காலை ஆறு மணிக்குப் போட்ட பிளாஸ்க் காபிதான்.

உன்னை இங்கே வா, நேரத்துக்கு எல்லாம் வந்துவிடும் என்று எழுதினேனே. எனக்குத் தந்ததைத்தான் உனக்கும் தர நினைத்திருக்கிறேன். எழுதும்போது இது எனக்கு உறைக்கவில்லை.

கூரை ஏறிவிட்டதா? ஓட்டுக்கு அடியில் சட்டம் பனைதானே?

உன் அண்ணன்,
பகவதிப்பெருமாள்


வெள்ளாயணி,
11.2.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதினால் சற்குணத்தைத் திட்டி எழுதிவிடுவேன் என்று வேலை முடியும்வரை காத்திருந்தேன். திட்டவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களுக்குக் கண் எப்படி?

சட்டம் பனைதான். அடுக்களை முடிந்துவிட்டது. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி காலை நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு வராந்தாவிலிருந்து கல்பாதையில் போனேன். முட்டு மேடைக்கு அடியில் இடிக்காமல் போயிற்று. அடுப்பைப் பற்றவைத்து, தேங்காயை வறுத்தேன். நன்றாகச் சிவக்கும்வரை வறுத்தேன். மாடம்மாள் பக்கத்தில் நின்று, "எக்கா, கரிஞ்சிரும்" என்றாள். "கரியாது, நீ தோணியைப் பாரு" என்றேன். அன்று வைத்தது உள்ளித்தீயல். செல்வமணிக்கும் ஆட்கள் நாலு பேருக்கும் நான் பரிமாறினேன். அவர் சாப்பிட்டுவிட்டு மேடையை ஒரு தட்டுத் தட்டி, "ஒயரம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

போன வாரம் பிரஜின் வந்தான், சொல்லாமல். ரிசார்ட் கம்பெனி ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் காகிதங்கள். இருவரையும் அரைச்சுவரில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டேன். அந்த ஆள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பிரஜின் காகிதத்தை மேடையில் வைத்தான். "அம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ ஒரு நாள் விழுந்தா?"

"நின்னு சமைச்ச காலத்துல மூணு தடவை வழுக்கி விழுந்திருக்கேன். அப்போ நீ வீட்டை விக்கச் சொல்லல. உக்காந்திருக்கிறவளுக்கு விழுற தூரமும் கம்மி."

"நான் அங்கே கிடந்து உன்னை நினைச்சுத் தூங்காம இருக்கேன். அது உனக்கு அறியாமோ?"

"தெரியும். தூக்கம் வரலைன்னா போன் பண்ணு, நான் எடுத்துப் பேசறேன். மாமாகிட்ட சொல்லிக் கள்ளக்கணக்கு எழுத வைக்காதே."

கூட வந்த ஆளுக்குத் தமிழ் புரிந்தது போலிருக்கிறது, காயலைப் பார்க்கிற மாதிரி எழுந்து போனார். காகிதத்தில் எண்ணெய்க் கை படாமல் மடித்து அவன் பைக்குள் நானே வைத்தேன். மறுநாள் அவன் தனியாக உட்கார்ந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தான். மனம் மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். போகும்போது, "சிலிண்டர் குழாயை ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செலவு மொத்தம் அறுபத்து நாலாயிரத்து நானூறு. உங்கள் கணக்கைவிட இரண்டாயிரத்து அறுநூறு கூடுதல். அதில் எழுநூறு ஓடு உடைந்த வகையில். மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஒரு வேலை செய்தேன், உங்கள் படத்தில் இல்லாதது. தெற்கு மூலையில் இன்னொரு மேடை, மூன்றடி நீளம், உயரம் முப்பத்து நாலு அங்குலம். எனக்கு எட்டாது. மாடம்மாள் குள்ளம், அவளுக்கும் உயரம் அதிகம். நீங்கள் நின்று வேலை செய்ய அது சரியாக இருக்கும். ஒற்றை அடுப்பு வைத்திருக்கிறேன். என் கண் அதன் மேல் இருக்கும். பால் பொங்கினால் கரண்டியை எறிவேன், முதுகில் பட்டதும் திரும்பிப் பார்க்கலாம்.

இங்கே எந்தக் கதவுக்கும் பூட்டு இல்லை. கதவே இல்லை.

உங்கள்,
செண்பகவல்லி


கோயம்புத்தூர்,
20.2.2002

அன்புத் தங்கை செண்பகவல்லிக்கு,

அண்ணனின் ஆசீர்வாதம். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறது, உன் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது. நலம்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் சற்குணத்தையும் மருமகளையும் உட்கார வைத்துச் சொன்னேன். மார்ச் மூன்றாம் தேதி திருவனந்தபுரம் போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று என்று. சற்குணம் என் காதருகே வந்து, "தனியாவா? ரெயில்ல யாராவது கூப்பிட்டாக் கேக்காதுப்பா" என்றான். "கேக்கலைன்னா போர்டைப் படிச்சு இறங்குவேன். எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன். மருமகள் கண் கலங்கிவிட்டாள். "அங்க உங்களை யாரு பாத்துக்குவா மாமா? அத்தையே முடியாம இருக்காங்க."

"யாரையும் யாரும் பாத்துக்கப் போறதில்ல அம்மா. சமைச்சுச் சாப்பிடப் போறோம்."

பிறகு அவளிடம் கையை நீட்டினேன். எதற்கென்று கேட்கவில்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தந்தாள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு நானே காபி போட்டேன். அடுப்பை விட்டு ஒரு அடி நகரவில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சிவகாமி படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாதம் நீ இரண்டு தடவை நாகர்கோவிலுக்கு வந்தாய். யார் சமைக்கிறது என்று கேட்டாய். பிச்சம்மாள் என்று ஒருத்தி வந்து சமைத்துவைத்துவிட்டுப் போகிறாள் என்றேன். சாப்பிட்டுவிட்டு, "பிச்சம்மாளுக்கு நல்ல கை, அந்தப் புளிக்குழம்பு பக்குவத்தை அவகிட்டக் கேட்டு எழுதுங்க" என்று சொன்னாய். நான் எழுதவே இல்லை.

அந்தப் பெயரில் யாரும் வரவில்லை. சிவகாமி கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான்தான் சமைத்தேன். ஓவர்சியர் கரண்டி பிடிக்கிறான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே. தெற்கு மேடையில் எதையும் அடுக்கிவைக்காதே. புளி பழசாக வாங்கி வை. வந்த அன்றைக்குக் குழம்பு நான் வைக்கிறேன். நீ "உப்புப் போட்டாச்சா?" என்று கத்தினால் எனக்குக் கேட்காது.

உன் அண்ணன்,
பகவதிப்பெருமாள்